எல்லையோரக் கல்குவாரி: கல் தீர்ந்த பிறகு குழி யார் பொறுப்பு?

வேலந்தாவளம் தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தோப்பு வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கிறது. வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். கிழக்கே பார்த்தால் தமிழ்நாட்டுக் கல்குவாரிகளும் கிரஷர்களும் வரிசையாகத் தெரியும். அதில் ஒன்றை விரிவாக்கப் போகிறார்கள், கருத்துக்கேட்புக் கூட்டம் வருகிறது என்று ஊரில் பேச்சு. நோட்டீஸில் 'நிலைத்த வளர்ச்சி', 'பசுமைக் குவாரி' என்று போட்டிருக்கிறார்கள். கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் இரண்டு பக்கமும் புங்கன் நட்டிருக்கிறார்கள். நன்றாகத் தழைத்திருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

என் கவலை பக்கத்தில் கிடக்கிற பழைய குழியைப் பற்றி. கல் எடுத்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கம்பிவேலி பல இடத்தில் அறுந்துவிட்டது. ஆடு மேய்க்கிறவர்கள் சீமைக்கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்து வைத்திருக்கிறார்கள். விளிம்பில் நின்றால் சுவர் செங்குத்தாக இறங்குகிறது, கால் வைக்க ஒரு திட்டு கிடையாது. அடியில் பச்சைத் தண்ணீர். ஒரு மூலையில் கறுப்புப் பிளாஸ்டிக் மூட்டைகளாகக் குப்பை. எந்த ஊர்க் குப்பை, யார் கொட்டினார்கள் என்று கேட்டால் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைக் கை காட்டுகிறது, அந்தப் பக்கம் இந்தப் பக்கத்தைக் காட்டுகிறது.

புதிதாக வரப்போகிற குழியும் இப்படித்தான் ஆகுமா? கூட்டத்தில் போய் என்ன கேட்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிணத்துக்கடவு காரன்:

மூடச் சொல்லுங்க அண்ணா. வேறு எதுவும் கேட்க வேண்டாம்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கிற அடி உங்களுக்குத் தெரியும். கிரஷர் தூசி மொத்தமும் எங்கள் தக்காளிக் காட்டில்தான் இறங்கும். தென்னையில் கீழ்மட்டைகளைப் பார்த்தால் ஓலையின் நடு நரம்பை ஒட்டிச் சாம்பல் நிறத்தில் படிந்து கிடக்கும். சாரல் பட்டால் சிமெண்ட் பூசினது மாதிரி இறுகிவிடும். மார்கழி, தையில் காற்று திரும்பும். அப்போது உங்கள் முறை.

இதில் ஒன்றைக் கவனியுங்க. சுற்றுச்சூழல் ஆய்வுக்குக் காற்று அளப்பது வழக்கமாக ஒரு பருவம், மூன்று மாதம், அதுவும் மழைக்காலம் தவிர்த்து. மற்ற ஊருக்கு அது சரியாக இருக்கலாம். கணவாய்க்கு வாய் வைத்திருக்கிற நம் பகுதியில் காற்று மிகப் பலமாக அடிப்பதே தென்மேற்குப் பருவத்தில்தான். அந்த மாதங்களை விட்டுவிட்டு அளந்தால் எங்கள் காட்டுக்கு வருகிற தூசி ஆவணத்தில் ஏறவே ஏறாது. இதைக் கூட்டத்தில் எழுத்தாகவே கொடுக்கலாம்.

மைன்ஸ் மேட்:

நான் குவாரியில் வேலை செய்கிறவன். மூடச் சொல்வதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் ஒழுங்காக நடக்கிற குவாரி என்றால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு பேசினால் கூட்டத்தில் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தோப்பு அண்ணன் சொன்ன செங்குத்துச் சுவர்தான் எல்லாவற்றுக்கும் மூலம். 1961ஆம் வருட உலோகச் சுரங்க ஒழுங்குமுறைப்படி கெட்டிப் பாறையில் படி படியாகத்தான் இறங்க வேண்டும். நாங்கள் பெஞ்ச் என்போம். ஒரு பெஞ்ச் 6 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அகலம் உயரத்துக்குக் குறையக்கூடாது. நம் பக்கத்துச் சுரங்கத் திட்டங்களில் பெரும்பாலும் 5 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம் என்று எழுதுவார்கள். எல்லையிலிருந்து 7.5 மீட்டர் சும்மா விட வேண்டும். இது இரண்டையும் வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு கணக்குப் போடலாம்.

குத்தகை நிலம் 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஹெக்டேர். இரண்டு பக்கமும் 7.5 விட்டால் அகலம் 85. முதல் பெஞ்ச் 5 மீட்டர் இறங்கியதும் இரண்டு பக்கமும் 5, 5 மீட்டர் விட வேண்டும், அடுத்த மட்டத்தில் 75தான் மிஞ்சும். இப்படியே போனால் 40 மீட்டர் ஆழத்தில் அகலம் 15 மீட்டர். அதற்குக் கீழே ஹிட்டாச்சி திரும்பக்கூட இடமில்லை. ஆகவே இந்த அளவு நிலத்தில் ஒரு குழி 60 மீட்டர் ஆழம் போயிருந்தால் பெஞ்ச் விடவில்லை என்று அர்த்தம். உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டியதே இல்லை. நிலத்தின் அகலமும் குழியின் ஆழமும் தெரிந்தால் போதும்.

பெஞ்ச் விட்டால் நல்ல கல்லில் ஒரு பெரிய பங்கு சுவரிலேயே நின்றுவிடும். அதை எடுக்க ஆசைப்பட்டுத்தான் செங்குத்தாக வெட்டுகிறார்கள். 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் பாறை சரிந்து ஆட்கள் அடியில் மாட்டி இறந்தார்களே, அந்தப் படங்களைப் பார்த்த எங்களுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாங்களும் அப்படிப்பட்ட சுவருக்குக் கீழே நின்றுதான் துளை போடுகிறோம்.

அடுத்து வெடி. வீட்டுச் சுவர் விரிசல் விட்டது என்று சொன்னால் 'பழைய வீடு' என்று பதில் வரும். அதிர்வுக்கு அளவு இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்தின் 1997ஆம் வருடச் சுற்றறிக்கைப்படி, குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத வீட்டில் அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை என்றால் 10 மில்லிமீட்டர். கருவி வைத்து அளந்தால் பத்து நிமிட வேலை. ஒரே நேரத்தில் எல்லாத் துளையையும் வெடிக்காமல் மில்லி விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கிற நோனெல் முறை இருக்கிறது. அதில் அதிர்வு நன்றாகவே குறையும், கல் பறப்பதும் குறையும். 'உங்கள் அதிர்வுமானியை எங்கள் வீட்டு வாசலில் வையுங்கள், தாளை எங்களிடம் கொடுங்கள்' என்று கேளுங்கள்.

வேலந்தாவளம் தோப்பு:

மேட் தம்பி, இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. மிக்க நன்றி. பழைய குழி இருக்கிற நிலத்தின் அகலம் எப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தில் இருக்கும். ஆழத்துக்குக் கயிறு கட்டி இறக்கிப் பார்க்கலாமா?

மைன்ஸ் மேட்:

வேண்டாம் அண்ணா, அந்த விளிம்புக்குப் போகாதீங்க. திட்டத்தில் அனுமதித்த ஆழமும், வருடா வருடம் எடுத்த அளவும் கனிமவளத் துறையில் இருக்கும். தகவல் உரிமையில் கேட்டால் போதும்.

கோவை சிவில்:

நான் கட்டட வேலையில் இருக்கிறேன். அதனால் இந்தக் கல் எதற்குப் போகிறது என்பதையும் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கேரளாவில் 2001இலேயே ஆற்று மணலுக்குத் தனிச் சட்டம் வந்தது. நல்ல சட்டம், பாரதப்புழாவில் மிச்சம் இருந்த மணலைக் காப்பாற்ற வேண்டிய நேரம். ஆனால் வீடு கட்டுவது நிற்கவில்லை. மணல் போன இடத்தில் எம்-சாண்ட் வந்தது, எம்-சாண்ட் மலையிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டிலும் அதே கதை. ஆற்றின் சுமையைப் பாறையின் தலையில் இறக்கி வைத்திருக்கிறோம். குவாரிக்காரர் மட்டும் குற்றவாளி, வீடு கட்டுகிற நாம் யாரும் இல்லை என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இடித்த கட்டடத்தின் கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்கலாம். ஐ.எஸ். 383 தரநிலையின் 2016 திருத்தம் அதற்கு இடம் கொடுக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்25 தரம் வரைக்குமான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அடித்தளத்தில் போடுகிற மெலிந்த கலவையில் முழுக்க முழுக்கவே போடலாம். கோவையில் வாரத்துக்கு எத்தனை பழைய வீடு இடிபடுகிறது! அந்தக் கல் காலி மனைக்கும் குளத்துக்கும் போகிறது, நாம் புதுக் கல்லுக்கு மலையை வெட்டுகிறோம். நான் எடுக்கிற வேலைகளில் தரைக்குக் கீழே போடுகிற கலவைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். தரம் பார்த்துச் சலித்துக் கொடுக்கிற ஆள் கிடைப்பதுதான் சிரமம்.

டிப்பர் வாசு:

கல் எங்கே போகிறது என்று கேட்டீர்களே. கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் என்று எந்தச் சாவடியில் நின்று பார்த்தாலும் தெரியும். நாங்கள் லோடு ஓட்டினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அதிக பாரம் ஏற்றச் சொல்வது நாங்கள் இல்லை. ஏற்ற மாட்டேன் என்று சொன்ன டிரைவருக்கு மறுநாள் லோடு கிடைக்காது. தார்ப்பாய் போட்டு, கல் கொண்டுபோக அனுமதிக்கிற நடைச்சீட்டில் உள்ள எடையோடு போகிற வண்டிக்கும் அதே வாடகை கிடைக்கும்படி செய்யுங்கள், ஊர் ரோட்டில் தூசி பாதி குறையும். குவாரி வாசலிலேயே எடைமேடையும் சக்கரம் கழுவுகிற தொட்டியும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

தோப்பு அண்ணா, எல்லை விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். என் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டுக்கு இதே தூசிதான்.

முதலில், அந்தக் கூட்டத்தில் நாம் பேசலாமா என்று பலர் கேட்கிறார்கள். பேசலாம். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை சொல்வது உள்ளூரில் பாதிக்கப்படுகிறவர்கள் என்றுதான். எந்த மாநில ரேஷன் கார்டு என்று அதில் கேட்கவில்லை. கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், ஒரு தேசியத் தினசரியிலும் ஒரு வட்டார மொழித் தினசரியிலும் விளம்பரம் வர வேண்டும், அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் நடக்கிற கூட்டம் என்பதால் சுருக்கம் தமிழில் வரும், நமக்கு அது பெரிய வசதி. நேரில் போக முடியாதவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

அடுத்தது கொஞ்சம் வருத்தமான விஷயம். மாநில எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ஒரு திட்டம் வந்தால் அதை மத்திய அரசு அளவில் பரிசீலிக்க வேண்டும் என்று பொது நிபந்தனை இருக்கிறது. ஒரு மாநிலம் தன் வசதிக்கு முடிவெடுத்துப் பக்கத்து மாநிலத்தைப் பாதிக்கக்கூடாது என்பதற்குத்தான் அது. ஆனால் சிறிய பரப்பில் நடக்கிற, ஜல்லிக்கல் மாதிரியான சிறுகனிமக் குவாரிகளுக்கு அதிலிருந்து விலக்கு. நம் எல்லையில் இருப்பது எல்லாமே சிறிய பரப்புக் குவாரிகள்தானே! ஆக, எந்த ஊருக்காக அந்த நிபந்தனை எழுதப்பட்டதோ அந்த ஊரில் அது வேலை செய்வதில்லை.

அப்படியானால் எதைப் பிடித்துக்கொள்வது? தொகுதி விதியை. ஒரு குவாரியின் எல்லைக்கும் அடுத்ததன் எல்லைக்கும் நடுவில் 500 மீட்டருக்குக் குறைவு என்றால் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012இல் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னதே, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து அனுமதியிலிருந்து தப்பிப்பதைப் பார்த்துத்தான். அறிக்கையில் தொகுதி வரைபடம் இருக்கும். அதில் எல்லைக்கோடு வந்ததும் தாள் வெள்ளையாக நின்றுவிடுகிறதா, நம் பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், கிணறு எல்லாம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

தண்ணீரையும் விடாதீர்கள். காற்று மாறி மாறி அடிக்கும், ஓடை மாறாது. இந்தப் பக்கத்து ஓடைகள் மேற்கே ஓடிப் பாரதப்புழாவில் சேர்கின்றன. எம்-சாண்ட் கழுவிய சேற்றுத் தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்தாமல் ஓடையில் விட்டால் அது வந்து சேர்வது நம் வாய்க்காலுக்கு.

கிணத்துக்கடவு காரன்:

டீச்சர், கனிம நிதி என்று ஒன்று இருக்கிறதே, அதில் கேரளப் பக்கத்துக்குப் பங்கு உண்டா?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

மாவட்டக் கனிம அறக்கட்டளையைச் சொல்கிறீர்கள். சுரங்கக்காரர்கள் கட்டுகிற பணத்தைப் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவு செய்கிற அமைப்பு. 2015இல் சட்டத்தைத் திருத்தி மாவட்டத்துக்கு ஒன்றாகக் கொண்டுவந்தார்கள். 2024 வழிகாட்டுதலின்படி சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் வரை நேரடியாகப் பாதிக்கப்படும் பகுதி, நிதியில் 70 சதவீதம் குடிநீர், சுகாதாரம், கல்வி மாதிரியான முன்னுரிமை வேலைகளுக்கு. 15 கிலோமீட்டர் வட்டம் போட்டால் கொழிஞ்சாம்பாறை வரை வந்துவிடும். பாதிப்புப் பகுதி பக்கத்து மாநிலத்துக்கும் நீளலாம் என்று 2015 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. காகிதத்தில் இடம் இருக்கிறது, கேட்கிற ஆள் வேண்டும். இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்தும் ஒரே தீர்மானத்தைப் போட்டு இரண்டு கலெக்டருக்கும் அனுப்பினால் ஒரு தொடக்கமாக இருக்கும்.

ஜாக்ஹாமர்:

எல்லோரும் வீடு, தோப்பு, வாய்க்கால் என்று பேசுகிறீர்கள். உள்ளே துளை போடுகிற ஆளையும் பேசுங்கள்.

உலர் துளை போடும்போது பாறைமாவு நேராக முகத்தில் அடிக்கும். துண்டு கட்டினால் நிற்காது. அது நுரையீரலில் படிந்து வருவதுதான் சிலிகோசிஸ். குணமாகாது, வேலையை விட்ட பிறகும் முற்றும். என் மாமா இருமியே போனார். ஆஸ்பத்திரியில் காசநோய் மாத்திரைதான் கொடுத்தார்கள்.

தடுப்பதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. துளைக்கம்பி வழியாகத் தண்ணீர் போகிற ஈரத்துளை முறை இருக்கிறது. மாவு சேறாக வழிந்துவிடும், பறக்காது. ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு பம்ப், அவ்வளவுதான். சேர்க்கும்போது ஒரு மருத்துவப் பரிசோதனை, அப்புறம் குறைந்தது 5 வருடத்துக்கு ஒரு முறை, மார்பு எக்ஸ்ரேயோடு. இது சுரங்கத் தொழிலாளிக்கு விதியில் உள்ளது. இப்போது வேலை செய்கிறவர்களில் ஒடிசா, பிகார்ப் பையன்கள் அதிகம். இரண்டு வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், எக்ஸ்ரே யாரிடம் இருக்கும்? பசுமைக் குவாரி என்று போர்டு வைப்பதற்கு முன்னால் ஈரத்துளை போடுகிறார்களா என்று கேளுங்கள்.

குப்பம் வாசகர்:

ஆந்திர எல்லையிலிருந்து ஒரு சிறு சேதி. எங்களிடம் ஜல்லிக்கல் குவாரியைவிட மெருகுக்கல் குவாரி பிரபலம், 'குப்பம் கிரீன்' என்று வெளிநாடு வரை போகிறது. சதுரமாக, பிசிறில்லாமல் வருகிற பாளம் மட்டும்தான் விலைபோகும். வெட்டியதில் பெரும்பகுதி கழிவாக மேட்டில் குவிகிறது. வெடிக்குப் பதில் வைரக்கம்பி ரம்பத்தால் அறுத்தால் பாறையில் விரிசல் குறையும், கழிவும் குறையும். அந்தக் கழிவுக் கல்லையே ஜல்லியாக உடைக்க அனுமதியை எளிதாக்கினால் புதிதாக ஒரு குன்றைத் தொட வேண்டியிருக்காது.

கோவை சிவில்:

சரி, தோப்பு அண்ணனின் முதல் கேள்விக்கு வருவோம். குழி.

'மீண்டும் நிரப்பி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவோம்' என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். மேட் சொன்ன 2 ஹெக்டேர், 40 மீட்டர் கணக்கையே எடுங்கள். நேராக வெட்டினால் 8 லட்சம் கனமீட்டர். பெஞ்ச் விட்டுக் குறுகுகிறது என்று பாதியாக வைத்தாலும் 4 லட்சம். டிப்பருக்கு 12 கனமீட்டர் என்றால் 33 ஆயிரம் லோடு. கல் கேரளாவுக்கும் கோவைக்கும் போயாகிவிட்டது, 33 ஆயிரம் லோடு மண் எங்கிருந்து வரும்? இன்னொரு இடத்தைத் தோண்டித்தான் வர வேண்டும். இல்லையென்றால் குப்பை வரும். 2024 டிசம்பரில் நெல்லையில் கொட்டிய கேரள மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் திருப்பி எடுத்துப் போகச் சொன்னது, லாரி லாரியாகப் போனது. அது வெட்டவெளியில் கிடந்ததால் எல்லோர் கண்ணிலும் பட்டது. 40 மீட்டர் குழியின் அடியில் கிடந்தால் யார் எடுப்பார்கள்? பாறை விரிசல் வழியாகக் கிணற்றுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

அதனால் ஒழுங்கான திட்டம் என்பது குழியைக் குழியாகவே ஒப்புக்கொண்டு எழுதுவது. தண்ணீர் நிற்கும், அந்தத் தண்ணீர் நல்லதாக இருக்கட்டும், இறங்கி ஏற வழி இருக்கட்டும், சுற்றி மதில் இருக்கட்டும். சென்னைக்கு 2017இலும் 2019இலும் வறட்சி வந்தபோது சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த தண்ணீரைத்தான் செம்பரம்பாக்கம் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். அங்கே குழி ஒரு நகரத்துக்கே உதவியது. கிணத்துக்கடவு, சிற்றூர் மாதிரி காய்கிற ஊருக்கு அது எவ்வளவு பெரிய சொத்து! ஆனால் பெஞ்ச் இல்லாத குழியில் பம்ப் இறக்க முடியாது, குப்பை விழுந்த குழியின் தண்ணீரை ஆடு மாட்டுக்குக்கூடக் கொடுக்க முடியாது. ஆக, கடைசி வருடத்தில் முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. முதல் வெடி வைக்கும்போதே குழியின் கடைசி உருவம் முடிவாகிவிடுகிறது.

பணமும் அப்படியே. சுண்ணாம்புக்கல் மாதிரிப் பெருங்கனிமத்துக்கு 2017 விதியில் மூடல் உத்தரவாதத் தொகை இருக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு, சுரங்கத்தின் வகையைப் பொறுத்து ஹெக்டேருக்கு 5 லட்சம் அல்லது 3 லட்சம். வாளையார், மதுக்கரைச் சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்துகிற விதி அது. சாதாரண ஜல்லிக்கல் மாநில விதியில் வருவதால் அந்தத் தொகை பொருந்தாது. என் கோரிக்கை இதுதான்: மதில், படிவழி, பத்து வருடக் காவல், இதற்கு ஆகும் செலவை இன்றைய விலையில் கணக்குப் போட்டு, முதல் லோடிலிருந்தே யூனிட்டுக்கு இவ்வளவு என்று பஞ்சாயத்தும் குவாரியும் சேர்ந்த கணக்கில் போட வேண்டும். குத்தகை முடிந்த பிறகு ஆளைத் தேடிப் பயன் இல்லை.

கிணத்துக்கடவு காரன்:

நான் இன்னமும் மூடச் சொல்லித்தான் பேசுவேன். ஆனால் ஏற்கெனவே வெட்டிய குழிக்கு நீங்கள் சொல்கிற கணக்கு நியாயம். அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

வேலந்தாவளம் தோப்பு:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், சிவில் சார், நான் இப்படிப் போகலாம் என்று நினைக்கிறேன். புதுக் குவாரியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதே ஆட்கள் விட்டுப்போன பழைய குழியில் அனுமதி நிபந்தனைப்படி என்ன செய்தார்கள் என்று கேட்பேன். அதைச் சரிசெய்து காட்டாமல் விரிவாக்கம் கூடாது என்று எழுதிக் கொடுப்பேன். நிபந்தனை நிறைவேறியதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

நல்ல வழி அண்ணா. அனுமதிக் கடிதம் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதிக்கான பரிவேஷ் இணையதளத்தில் இருக்கும், தேடிப் பார்க்கலாம். அனுமதி வாங்கியவர்கள் வருடத்தில் இரண்டு முறை, ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில், ஒவ்வொரு நிபந்தனையையும் எப்படி நிறைவேற்றினோம் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் 'வேலி அமைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தால் முள் வெட்டிப் போட்ட இடத்தைத் தேதி தெரியும்படி படம் எடுத்துப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். அறிக்கையே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக்கு வந்தால் மனுவைத் தமிழிலும் மலையாளத்திலும் சேர்த்தே எழுதிவிடலாம். கிணத்துக்கடவு அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

மைன்ஸ் மேட்:

நானும் வருகிறேன் டீச்சர். சுரங்கத் திட்ட வரைபடத்தை எப்படிப் படிப்பது என்று காட்டுகிறேன். என் பெயர் மட்டும் மனுவில் வேண்டாம்.